அது அப்பாவின் ரத்தம் இல்லை, மாமா

மாமா,

இன்று காலை சிவகாசி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் மைதாப் பசையின் வாடைதான் முகத்தில் அடித்தது. எதிர்ச்சுவரில் அப்போதுதான் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஓரங்களில் ஈரம் காயவில்லை. நடுவில் நீங்கள், வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாகச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. பாசத்தின் உறைவிடமே, குலம் காத்த தெய்வமே என்று தொடங்கிச் சில வரிகள். உங்கள் அச்சகத்திலேயே அடித்தது. வண்ணம் துளிகூட விலகாமல் விழுந்திருந்தது. 'கண்ணீருடன்' என்று போட்டு, கீழே குடும்பத்தார் பெயர்களுக்கு நடுவில் என் பெயரையும் சேர்த்திருந்தார்கள். யாரும் என்னிடம் கேட்கவில்லை.

கார்த்திகா கழுத்தைச் சாய்த்து இடது கண்ணால் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு இருப்பது அந்த ஒரு கண்தான். அது உங்களுக்குத் தெரியும்.

"தாத்தா போட்டோ நல்லா விழுந்திருக்கும்மா" என்றாள்.

நான் அவளையும் என் அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றினேன். இறந்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். நான் உங்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. உங்களிடமே பேசுகிறேன். உயிரோடு இருந்தவரை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விடாமல் கையை உயர்த்தி என்னை நிறுத்தியவர் நீங்கள். இனி அந்தக் கை உயராது.

நீங்கள் என் தாய்மாமன், பிறகு மாமனார். விருதுநகர் பங்குனிப் பொங்கலில் கூட்டம் நெரிக்கும்போது என்னைத் தோளில் தூக்கி உட்காரவைத்து, ராட்டினம் எங்கே என்று நான் கை காட்டிய பக்கமெல்லாம் நடந்தவரும் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை. வேறு யாரோ ஒருவர் எனக்கு இதைச் செய்திருந்தால் இத்தனை நாளில் கோபம் ஆறியிருக்கும்.

உங்கள் மகனோடு என் கல்யாணத்தை நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். ஆலங்குளம் சிமெண்டு ஆலை ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்புக் கல்லைப் பொடித்துச் சோதிக்கும் வேலை பார்த்த என் அப்பா, அன்று ஒரே ஒரு தடவை தயங்கினார்.

"சொந்தத்துல வேண்டாம்னு பேப்பர்ல எல்லாம் எழுதுறாக மச்சான்."

"பேப்பர்ல எழுதுறவனா வந்து உங்க மகளுக்குச் சோறு போடப் போறான்?" என்றீர்கள். "நம்ம பிள்ளை நம்ம வீட்டுக்கு வருது. இதுல யோசிக்க என்ன இருக்கு மாப்ளே?"

அப்பா சிரித்து மழுப்பினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன். அவள் எதை நினைத்துக் குனிந்தாள் என்பது எனக்கு நீங்கள் இறந்த பிறகுதான் தெரிந்தது.

கார்த்திகா பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது புத்தகத்தை மூக்கோடு ஒட்டவைத்துப் படித்தாள். வகுப்பில் எல்லோரையும்விட உயரம். விரல்கள் நீளநீளமாக இருந்தன. பாடம் மெதுவாகத்தான் ஏறியது. மதுரையில் ஒரு கண் டாக்டர் அம்மாவிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் லென்ஸ் தன் இடத்தை விட்டு நகர்ந்திருக்கிறது, இந்த வயதில் இப்படி ஆனால் ரத்தத்திலேயே காரணம் இருக்கலாம் என்றார். மரபணுப் பரிசோதனைக்கு வெளியூர் ஆய்வகத்துக்கு ரத்தம் அனுப்பினார். கைபேசி எண் கேட்டபோது உங்கள் மகன் உங்களுடைய எண்ணைச் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு என் எண்ணைக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. நோய்க்கான காரணம் கண்டறியப்படவில்லை என்று இருந்தது. டாக்டர் அம்மா அதை மேசையில் வைத்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "கண்டறியப்படலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா. இவங்க பார்த்த வழியில கிடைக்கல, அவ்வளவுதான். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. இங்கேயே ஒரு ரத்தப் பரிசோதனை செய்யலாம். அடுத்த வாரம் வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க."

ஒரு குழாய் ரத்தம், மாமா. நீங்கள் நிறுத்தியது அதைத்தான்.

வீட்டு முன்னறையில் நீங்கள் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தீர்கள். படித்ததும் உங்கள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். பேத்திக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதி என்று நினைத்தேன்.

"எளுத்துல போட்டே குடுத்துட்டான், ஒண்ணுமில்லைன்னு. இனி எதுக்கு பிள்ளையைப் போட்டு ஊசியால குத்தணும்?"

"டாக்டர் இன்னொரு டெஸ்ட் எடுக்கணும்னு சொன்னாங்க மாமா."

"அவ சொல்லுவா. பொட்டப்பிள்ளை. ரத்தத்துல கோளாறுன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துருச்சுன்னா நாளைக்கு எவன் கட்டுவான்? கண்ணுக்குக் கண்ணாடி போடு. போதும்."

உங்கள் அச்சகத்தில் ஒருமுறை பட்டாசுப் பெட்டிக்கான லேபிளில் ஒரு எழுத்துப் பிழை. மெஷின் மேன் ஓடி வந்து காட்டினார். "மெஷின் ஓடிருச்சுல்ல? ஓடினது ஓடினதுதான். லோடு ஏத்து" என்றீர்கள். சீசன் நேரம், ஆர்டர் போக வேண்டும், அது எனக்குப் புரிந்தது. வீட்டிலும் நீங்கள் அப்படித்தான் என்பது புரியத் தாமதமாகிவிட்டது. உங்கள் வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டால் அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் வழக்கம் உங்களுக்கு இல்லை.

டாக்டர் சொன்ன அன்று நானே கார்த்திகாவை வெறும் வயிற்றோடு கிளப்பி மதுரைப் பேருந்தில் ஏறினேன். ஜன்னலோரத்தில் அவளை உட்காரவைத்து, ஊசி வலிக்காது என்று கதை சொல்லிக்கொண்டு போனேன். ஆமத்தூர் நிறுத்தத்தில் பேருந்து நின்றது, நின்றபடியே இருந்தது. முன்னால் உங்கள் கம்பெனி வேன் குறுக்கே நின்றது. உங்கள் மகன் ஏறி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்துப் பேசினார்.

"அப்பா கூப்பிடுறாக. எறங்கு."

"பிள்ளைக்கு ரத்தம் குடுத்துட்டு வந்துருறேன்."

"எறங்குன்னா எறங்கு. எல்லாரும் பாக்காக."

பேருந்து முழுக்க எங்களைத்தான் பார்த்தது. பிள்ளை அழத் தொடங்கினாள். இறங்கினேன். வேனில் காகித ரீம்களுக்கு நடுவில் உட்கார்ந்து திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். திட்டக்கூட இல்லை. "போய்ப் பிள்ளைக்கு இட்லியை வை" என்றீர்கள். ஒரு வேலையாளிடம் சொல்வதைப் போல.

ஆனாலும் இதையெல்லாம் ஒருவேளை நான் பொறுத்திருப்பேன். அப்பாவுக்கு நீங்கள் செய்ததைப் பொறுக்க முடியாது.

அச்சகத்தின் புதுக் கட்டடத்துக்குப் பால் காய்ச்சிய அன்று சொந்தம் பூராவும் வந்திருந்தது. கார்த்திகா கண் தெரியாமல் படியில் இடறி, கையிலிருந்த பாயசத்தோடு விழுந்தாள். யாரோ ஒரு பெரியம்மா "பிள்ளைக்குக் கண்ணுல என்ன?" என்று கேட்டார். நீங்கள் பதிலை அவரிடம் சொல்லவில்லை. என் அப்பாவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்.

"எங்க வம்சத்துல இப்படி ஒரு பிள்ளை பொறந்ததே இல்ல. சொந்தத்துல இல்லாம அசல்ல பொண்ணைக் குடுத்தோம்ல, அந்த வளியில வந்தது. சிமெண்டுக்காரக வீட்டு ரத்தம். வேற என்னத்தச் சொல்ல?"

அப்பா கையில் வாங்கிய காபி டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. அவர் சண்டைக்காரர் இல்லை. எதையும் சோதித்துப் பார்த்துத்தான் பேசுவார். அதனால் உங்கள் பேச்சையும் சோதிக்கக் கிளம்பினார். தாயில்பட்டிப் பக்கம் இருந்த தன் சொந்தங்களின் வீடு வீடாகப் போய், நம்ம ஆட்களில் யாருக்காவது சின்ன வயசில் கண் போனதா, யாராவது நெட்டையாக இருந்தார்களா என்று கேட்டுத் திரிந்தார். பேத்திக்கு வந்த நோயின் வேரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடினார். உங்கள் வீட்டில் தேட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டீர்களே.

ஒரு சாயங்காலம் வந்தார். உங்கள் வீட்டுக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"எங்க சின்னையா ஒருத்தருக்கு இளவயசுலயே கண்ணுல பொரை விழுந்துச்சாம் தாயி. நான் அவரைப் பாத்தது இல்ல. அதுதான் என் வளியா வந்து உன் பிள்ளைய அடிச்சிருக்கு." பேத்திக்கு வாங்கி வந்த பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "என்னைய மன்னிச்சிருத்தா" என்றார்.

"என்னப்பா பேசுறீக" என்று அவர் கையைப் பிடித்தேன். அப்புறம் அவர் எங்கள் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். பேத்தியைப் பார்க்க ஆசை வந்தால் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். நெஞ்சுவலியில் போன அன்றும், அது தன் ரத்தம் என்று நம்பிக்கொண்டுதான் போனார். நீங்கள் மாலையோடு வந்தீர்கள். அப்பாவின் காலடியில் பெரிய ரோஜா மாலையைப் போட்டுவிட்டு, "நல்ல மனுசன்" என்றீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் கார்த்திகாவின் வலது கண்ணில் அழுத்தம் ஏறி, ஒரு வாரம் வலி என்று துடித்து, பார்வை போனது. அப்போதும் மதுரைக்கு ஓடினேன். பழைய டாக்டர் அம்மா வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். இருந்தவர் இடது கண்ணை ஆபரேஷன் செய்து காப்பாற்றிக் கொடுத்தார். காரணம் என்ன என்று கேட்டதற்கு, பழைய ரிப்போர்ட்டைப் புரட்டி, "ஜீன் எல்லாம் பார்த்தாச்சே, ஒண்ணும் இல்லையே" என்றார். உங்களைப் போலவே அவரும் அந்த வரியை நம்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து நான் உங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. விருதுநகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, வீடு எடுத்து, பிள்ளையோடும் அம்மாவோடும் இருந்துகொண்டேன். உங்கள் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் பையில் பழத்தோடு வந்து, விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

போன வருஷம் நீங்கள் போனீர்கள். அச்சகத்தில் மேசையிலேயே சாய்ந்துவிட்டீர்களாம். கொள்ளி வைக்கும்வரை இருந்துவிட்டு நான் அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். மறுநாள் பத்தாம் வகுப்புக்குத் தேர்வு இருந்தது.

சில மாதம் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்து ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பழைய ஆய்வகத்திலிருந்து ஒரு பெண். மரபியல் ஆலோசகர் என்றார். சின்னக் குரல், ரொம்பப் பதமாகப் பேசினார்.

"உங்க பொண்ணு எப்படி இருக்காங்க மேடம்?" என்றுதான் முதலில் கேட்டார். உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அவர் சொன்னதை நான் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினேன். உங்களுக்கும் சொல்கிறேன், அச்சுத் தொழில் தெரிந்தவர், புரியாமல் போகாது. ஒரு மனிதரின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் ஒரே இழையாகப் படிக்க முடிவதில்லையாம். கோடிக்கணக்கான சின்னத் துண்டுகளாகத்தான் படிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க ஒரு மூலப் பிரதி வேண்டும். உலகம் முழுக்க எல்லா ஆய்வகங்களும் அந்த ஒரு பிரதியை வைத்துத்தான் ஒப்பிட்டுப் பார்த்தன. அந்தப் பிரதியிலேயே படிக்க முடியாமல் விட்ட இடங்கள் இருந்தன. சில இடங்களில் பிழையும் இருந்தது.

"இருபத்தோராவது குரோமோசோம்ல ஒரு ஜீன் இருக்கு மேடம். மனுஷனுக்கு அது ஒரே இடத்துலதான். ஆனா பழைய பிரதியைக் கோத்தப்ப, தவறுதலா ரெண்டு இடத்துல வந்துருச்சு. உங்க பொண்ணோட துண்டுகளை வச்சுப் பார்த்தப்ப, இது இந்த இடமா அந்த இடமான்னு கணினிக்கு முடிவு பண்ண முடியல. சந்தேகம்னு தள்ளி வச்சிருச்சு. நோய் இருந்ததே அந்தத் துண்டுகள்லதான்."

"அப்ப இப்ப எப்படித் தெரிஞ்சது?"

"அந்தப் பிரதியைத் திருத்திட்டாங்க மேடம். நிறைய நாட்டுக்காரங்க சேர்ந்து, நீளநீளமாப் படிக்கிற புது முறையில, விட்டுப்போன இடம் எல்லாத்தையும் நிரப்பி, இந்த மாதிரித் தப்பா ரெண்டு தடவை வந்ததையும் எடுத்துட்டாங்க. விடை கிடைக்காத பழைய கேஸ் எல்லாத்தையும் நாங்க புதுப் பிரதியோட திரும்ப வச்சுப் பார்க்கிறோம். உங்க பொண்ணோடது உடனே தெரிஞ்சது."

புதிதாக ரத்தம்கூட எடுக்கவில்லை, மாமா. அன்று கொடுத்த ரத்தம்தான், அன்று படித்த துண்டுகள்தான். எதோடு ஒப்பிடுவது என்பதைத் திருத்தினார்கள், பதில் வந்துவிட்டது. உலகமே நம்பிய ஒரு பிரதியைத் தப்பு என்று ஒப்புக்கொண்டு திருத்த அத்தனை பேருக்கு மனசு வந்திருக்கிறது. உங்களுக்கு ஒரு வார்த்தையைத் திருத்த மனசு வரவில்லை.

நோயின் பெயர் ஹோமோசிஸ்டினூரியா. சாப்பாட்டில் வரும் ஒரு சத்தை உடம்பு கரைக்க முடியாமல் ரத்தத்தில் சேர்த்துக்கொண்டே போகும். கண்ணைக் கெடுக்கும், எலும்பைக் கெடுக்கும். திடீரென்று ஒரு நாள் ரத்தம் உறைந்து உயிரையே எடுக்கும். அந்தப் பெண் சொன்ன ரத்தப் பரிசோதனையை மறுநாளே மதுரையில் எடுத்தேன். டாக்டர் அம்மா அன்று கேட்ட அதே பரிசோதனை. அளவு ஏறிப்போய்க் கிடந்தது. அதற்கு மருந்து என்ன தெரியுமா? முதல் மருந்து ஒரு வைட்டமின் மாத்திரை. பி-6. எந்த மருந்துக் கடையிலும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கூடவே சாப்பாட்டில் கட்டுப்பாடு: கறி, மீன், முட்டை கிடையாது, பருப்பும் அளவோடுதான். எல்லோருக்கும் இந்த மாத்திரை கேட்காதாம், கார்த்திகாவுக்குக் கேட்டது. அளவு இறங்கிக்கொண்டே வருகிறது. கறிச் சால்னா இல்லாமல் பரோட்டா என்ன பரோட்டா என்று சண்டை பிடிக்கிறாள். அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆனந்தமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை.

அந்த மாத்திரை அட்டையை முதல்முறை கையில் வாங்கிய அன்று கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் பெயரைச் சொல்லிச் சபித்தேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு நாங்கள் எல்லோரும் ரத்தம் கொடுத்தோம். இந்த ஜீன் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதியாக இருக்கிறது. அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் பழுதானால்தான் இந்த நோய். கார்த்திகாவின் இரண்டு பிரதியிலும் இருந்தது ஒரே பழுது, எழுத்துக்கு எழுத்து ஒன்று. என்னிடம் அது ஒன்று இருந்தது. உங்கள் மகனிடம் ஒன்று. உங்கள் மனைவி, என் அத்தைக்கு இல்லை. ஆகவே உங்கள் மகனுக்கு அது உங்களிடமிருந்து வந்தது. என் அம்மாவுக்கு இருந்தது. எனக்கு அவளிடமிருந்து வந்தது. அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே வீட்டுச் சொத்து. சிமெண்டுக்காரருக்கு அதில் பங்கே இல்லை.

அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்டி" என்றாள். "எனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. செல்லக்கனின்னு பேரு. உன் பிள்ளை மாதிரியே நெடுநெடுன்னு. பூக்கட்டுனா நாரு கண்ணுக்குத் தெரியாது, தடவித் தடவித்தான் கட்டுவா. கல்யாணத்துக்குப் பேசி வச்சிருந்த சமயத்துல, ஒரு நாள் காலு வீங்கி மூச்சு முட்டிச் செத்துப்போனா. நான் சின்னப் பிள்ளை. அண்ணன்தான் தூக்கிட்டு ஓடுனாக. அப்பறம் அவ போட்டோவைக்கூட வீட்டுல வைக்கல. எனக்கு மாப்பிள்ளை பாக்கும்போது, அவளைப் பத்தி வாயைத் தெறந்தா உன்னைய எவனும் கட்ட மாட்டான்னு அண்ணன் சொன்னாக."

"அப்பா வீடு வீடாத் தேடித் திரிஞ்சாரேம்மா. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

அவள் அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். ரொம்ப நாள் நான் அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டுச் சோற்றை அவள் நீட்ட நான் வாங்கிக்கொண்டு, பேசாமல் இருந்தோம். ஆனால் அம்மா பயந்தவள். நீங்கள் பயமுறுத்தியவர். தூக்கிக்கொண்டு ஓடிய உங்கள் கையிலேயே செத்தாள் உங்கள் அக்கா. அவளைப் போலவே இருந்த பேத்தியைத் தினமும் பார்த்துக்கொண்டு, 'எங்க வம்சத்துல இல்ல' என்று என் அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொல்ல உங்களால் முடிந்தது. பாயசம் கொட்டிய அந்தப் படியில் கார்த்திகா விழுந்தபோது உங்களுக்கு யார் நினைவு வந்தது, மாமா?

இன்று திதிக்கு நான் வந்தது உங்களைக் கும்பிட இல்லை. உங்கள் மகள், அவள் பெண் நந்தினியை உங்கள் தம்பி பேரனுக்கே பேசி முடித்திருந்தாள். தை மாதம் கல்யாணம். சொந்தத்துக்குள் மறுபடியும் ஒன்று. உங்கள் மகளிடம் இரண்டு தடவை போனில் சொல்லப் பார்த்தேன். "டிவியில பாத்ததை எல்லாம் சொல்லாதீக மதினி" என்று வைத்துவிட்டாள். அதனால், ஐயர் கிளம்பி, இலை போடுவதற்கு முன் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்த நேரத்தில் எழுந்து நின்றேன். கார்த்திகாவுக்கு வந்தது என்ன, அது எந்த வழியில் வந்தது, கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரு பரிசோதனை எடுத்துக்கொண்டால் போதும் என்று வகுப்பில் சொல்வதைப் போலச் சொன்னேன்.

உங்கள் மகள் துள்ளி எழுந்தாள். "திதி அன்னைக்கு, எங்கப்பா படத்துக்கு முன்னாடி பேசுற பேச்சா மதினி இது? செத்தவுக மேல பளியைப் போடுறீகளா?"

"பளி இல்ல. வந்த நோயி யாரு குத்தமும் இல்ல. தெரிஞ்சே மறைச்சதுதான் குத்தம்."

"யாரு மறைச்சா? எங்க வீட்டுல யாருக்கு வந்துச்சு? சொல்லுங்க பாப்போம்!"

அப்போது அம்மா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுவாள் என்று எதிர்பார்க்கவுமில்லை.

"எங்கக்கா செல்லக்கனிக்கு வந்துச்சு" என்றாள். "இதே வீட்டுலதான் இருந்தா. இந்தக் கூடத்துலதான் கிடத்துனோம்."

அந்தப் பெயரைக் கேட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த உங்கள் சித்தி, காது மந்தமானவர், "ஆமா, நெட்டச்சி செல்லக்கனி" என்று தலையை ஆட்டினார். பிறகு உங்கள் மகன் பேசினார். ஆமத்தூரில் கம்பியைப் பார்த்துப் பேசியவர், இன்று தங்கையின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நானும் ரத்தம் குடுத்தேன். எனக்கும் இருக்கு. அப்பாட்ட இருந்துதான் வந்துச்சு. நந்தினியைக் கூட்டிட்டுப் போயிக் குடு. நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்."

உங்கள் மகள் அழுதுகொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். சாப்பாடு நடந்தது. கை கழுவப் போன இடத்தில் நந்தினி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். குழாய்ச் சத்தத்துக்குள் மெல்லக் கேட்டாள்:

"அத்தை, அவுகளும் வாரேன்னு சொல்லியிருக்காக. வெறும் வயித்துல போகணுமா?"

"வேண்டாம்டி. இதுக்குச் சாப்பிட்டுட்டே போகலாம்" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கார்த்திகா என் தோளில் சாய்ந்து கேட்டாள்: "தாத்தாவுக்கும் அது இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு. ஒண்ணு."

"பாவம்" என்றாள்.

அவளுக்கு அந்த மனசு இருக்கிறது, இருக்கட்டும். எனக்கு இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு இரண்டு கண்ணும் இருந்திருக்கும். அப்பா நிம்மதியாகப் போயிருப்பார். இதை மன்னிக்கும் வயது எனக்கு வருமா என்று தெரியவில்லை. வர வேண்டும் என்றும் நான் ஆசைப்படவில்லை.

உங்கள் வீட்டிலிருந்து நான் எடுத்து வந்தது அந்த ஒரு பழுதான பிரதி. அது என் உடம்பில் இருக்கிறது, நான் சாகும்வரை இருக்கும். அதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதே ஜீனின் இன்னொரு பிரதியும் என்னிடம் இருக்கிறது, மாமா. அதில் ஒரு பிழையும் இல்லை. அது ஒன்றே இரண்டின் வேலையையும் பார்ப்பதால்தான் என் கண் நன்றாகத் தெரிகிறது. என் ரத்தம் உறையாமல் ஓடுகிறது. இந்த வயதிலும் நான் நிமிர்ந்து நின்று கரும்பலகையில் எழுதுகிறேன். அந்தப் பிரதியை எனக்குக் கொடுத்தவர், காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் முன்னால் வாயடைத்து நின்ற என் அப்பா.